பொனெகில்லா: கைகளை மட்டும் கேட்ட நாடு

மெல்பர்னிலிருந்து சிட்னிக்குப் போகும் ஹியூம் நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டினால் வொடோங்கா வரும். அங்கே நெடுஞ்சாலையை விட்டு ஏரிப் பக்கம் திரும்பினால் பொனெகில்லா. மரச்சட்டத்தில் தகரம் அடித்த நீளமான கொட்டகைகள், நடுவே புல்தரை, ஓரமாக யூகலிப்டஸ் மரங்கள். பிளாக் 19 என்று பெயர். ஒரு காலத்தில் இதைப்போல 24 பிளாக்குகள் இருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது இராணுவத்துக்குக் கட்டிய முகாம் இது. 1947 முதல் 1971 வரை புதிதாகக் குடியேறியவர்களை வரவேற்கும் மையமாக இருந்தது. ஏறக்குறைய 3,20,000 பேர் இந்தக் கொட்டகைகளில் படுத்து எழுந்துதான் ஆஸ்திரேலியாவுக்குள் போனார்கள். இன்று மிஞ்சியிருப்பது இந்த ஒரு பிளாக் மட்டுமே. 2007-இல் அதைத் தேசிய மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தார்கள்.

மெல்பர்னில் வாழும் நம்மவர்கள் பலரும் ஆல்பரி, வொடோங்கா வழியாகச் சிட்னிக்குப் போய் வருகிறோம். பெட்ரோல் போட்டு, தேநீர் குடித்து, பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போய்விட்டுக் கிளம்பிவிடுகிறோம். பொனெகில்லாவுக்குள் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. "அது வெள்ளைக்காரங்க கதைதானே" என்று நண்பர் ஒருவர் சொன்னார். அந்தப் பேச்சுத்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. வந்து இறங்கியவனின் படிப்பு, தொழில், பேச்சு எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கைகளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இந்த நாட்டில் எப்படி வேர்விட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தக் கைகள் வேலை நேரம் முடிந்த பிறகு என்ன செய்தன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1945-இல் ஆர்தர் கால்வெல் நாட்டின் முதல் குடிவரவு அமைச்சரானார். அப்போது ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை எழுபது லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. 1942-இல் ஜப்பானிய விமானங்கள் டார்வின் நகரைக் குண்டுவீசித் தகர்த்த பயம் இன்னும் ஆறவில்லை. ஆளில்லாத நாட்டை யாரும் பிடித்துக்கொள்வார்கள், அதனால் மக்களைப் பெருக்கியாக வேண்டும் என்பது அன்றைய வாதம். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக இங்கே வாழும் பூர்வகுடிகளை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருந்த நாடு அது. அந்தப் பிரிவை 1967 பொதுவாக்கெடுப்புக்குப் பிறகுதான் நீக்கினார்கள்.

கால்வெல் முதலில் எதிர்பார்த்தது பிரிட்டிஷ்காரர்களை. பத்துப் பவுண்டு கட்டினால் கப்பலேறலாம் என்ற திட்டத்தில் அடுத்த சில பத்தாண்டுகளில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். ஆனால் போர் முடிந்த கையோடு கப்பல்களுக்குத் தட்டுப்பாடு, தொழிற்சாலைகளுக்கோ உடனே ஆள் வேண்டும். ஐரோப்பாவின் அகதி முகாம்களில் வீடிழந்து, நாடிழந்து லட்சக்கணக்கானோர் காத்திருந்தார்கள். அவர்களை அனுப்பச் சர்வதேச அகதிகள் அமைப்பு தயாராக இருந்தது. 1947-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு நவம்பரில் ஜெனரல் ஸ்டூவர்ட் ஹைன்ட்சல்மன் என்ற கப்பல் ஃப்ரீமான்டில் துறைமுகத்துக்கு வந்தது. லித்துவேனியா, லாட்வியா, எஸ்தோனியாவைச் சேர்ந்த எண்ணூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், மணமாகாதவர்கள், வெளுத்த நிறத்தவர்கள். அப்படித்தான் பொறுக்கி எடுத்தார்கள். பொதுமக்கள் முகம் சுளிக்கக் கூடாது என்பதற்காக முதல் கப்பலில் யாரை ஏற்றுவது என்று யோசித்துச் செய்த தேர்வு அது. அவர்களுக்குப் பின்னால் போலந்துக்காரர்கள், உக்ரேனியர்கள், யூகோஸ்லாவியர்கள், ஹங்கேரியர்கள் என்று 1950-களின் தொடக்கத்துக்குள் 1,70,000 அகதிகள் வந்து சேர்ந்தார்கள்.

கப்பல் பயணம் இலவசம். பதிலுக்கு இரண்டு வருடம் அரசு சொல்லும் இடத்தில், அரசு சொல்லும் வேலையைச் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தின் சாரம் அவ்வளவுதான். அரசுக் கணக்கில் ஆண்கள் என்றால் கூலியாட்கள், பெண்கள் என்றால் வீட்டுவேலையாட்கள். வில்னியஸில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவரும் ரீகாவில் வழக்கறிஞராக இருந்தவரும் ஒரே வரிசையில் நின்று மண்வெட்டி வாங்கினார்கள். மருத்துவர்களின் நிலைமைதான் மிகக் கொடுமை. வெளிநாட்டுப் பட்டத்தை இங்குள்ள மருத்துவ வாரியங்கள் ஏற்கவில்லை. ஆஸ்திரேலிய மருத்துவர்கள் போகத் தயங்கிய பாப்புவா நியூகினிக்கும் அண்டார்ட்டிக் ஆய்வு நிலையங்களுக்கும் மட்டும் அகதி மருத்துவர்கள் சிலரை அதே பட்டத்தோடு அனுப்பினார்கள். நியூகினிக் காட்டில் நோயாளியைத் தொட்டுப் பார்க்கத் தகுதி உண்டு, மெல்பர்ன் மருத்துவமனையில் தரை துடைக்க மட்டுமே அனுமதி. இதை முதலில் படித்தபோது எனக்கு நெஞ்சு கொதித்தது. இன்றும் கொதிக்கிறது.

முகாமுக்குள் வந்தவுடன் ஆளுக்கொரு அட்டை எழுதினார்கள். சின்னக் கறுப்பு வெள்ளைப் படம், பெயர், பிறந்த தேதி, எந்த நாட்டவர், மணமானவரா, எந்தக் கப்பல், எங்கே வேலைக்கு அனுப்பப்பட்டார் என்ற விவரங்கள். அந்த அட்டைகளைத் தேசிய ஆவணக் காப்பகம் பாதுகாத்து வைத்திருக்கிறது. பெயரைத் தட்டினால் இணையத்திலேயே தேடலாம். பேரப்பிள்ளைகள் தங்கள் தாத்தாவின் இருபது வயது முகத்தை முதன்முதலாகப் பார்ப்பது பெரும்பாலும் இந்த அட்டையில்தான்.

எங்கள் தெருவிலும் அப்படித்தான் நடந்தது. மெல்பர்னின் வடக்குப் புறநகர் ஒன்றில் நாங்கள் குடிவந்தபோது, பக்கத்து வீட்டில் தனியாக இருந்தவர் கலாப்ரியாவிலிருந்து வந்த இத்தாலியப் பாட்டி. பேரப்பிள்ளைகள் நோன்னா என்று கூப்பிடுவார்கள். அதையே தெருப்பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள், நானும்தான். நோன்னாவின் கணவரை நான் பார்த்ததில்லை, நாங்கள் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். 1952-இல் பொனெகில்லாவுக்கு வந்தவர். அவருடைய அட்டையைத் தேட உட்கார்ந்த அன்று நோன்னாவின் பேத்தியும் நானும் அவர் பெயரைப் பல விதமாகத் தட்டிப் பார்த்தோம். எழுதிய அதிகாரி காதில் விழுந்தபடி எழுதியிருந்ததால் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தது. படம் வந்ததும் நோன்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு மிக அருகே வந்தார். "இந்தச் சட்டை அவரோடது இல்ல," என்றார் முதலில். படம் எடுப்பதற்காக யாரிடமோ இரவல் வாங்கிய சட்டையாம். அவரே பல முறை சொல்லியிருக்கிறாராம்.

அந்த 1952 பொனெகில்லாவுக்கு மோசமான ஆண்டு. இத்தாலி அரசோடு ஆஸ்திரேலியா முந்தைய ஆண்டுதான் ஒப்பந்தம் போட்டிருந்தது. வேலை நிச்சயம் என்ற நம்பிக்கையில் ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் வந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்த நேரத்தில் பொருளாதாரம் சரிந்துவிட்டது. வேலை இல்லை. வொடோங்காவின் குளிர்காலத்தில், உள்ளே பலகைகூட அடிக்காத வெறும் தகரக் கொட்டகைக்குள், சாம்பல் நிறக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஊரில் கடன் வாங்கிக் கொடுத்த அப்பாவுக்குப் பணம் அனுப்ப வழியில்லை. கடைசியில் கூடிக் கூச்சல் போட்டார்கள், வேலை கொடு இல்லையென்றால் திருப்பி அனுப்பு என்று. அரசு இராணுவத்தை வரவழைத்தது. அந்தப் போராட்டத்தில் முன்னின்றவர்களில் ஒருவரான ஜியோவன்னி ஸ்க்ரோ என்ற இளைஞர் 1979-இல் விக்டோரியா மாநில மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1961-இல் மறுபடியும் வேலை இல்லாமல் போனபோது ஜெர்மானியர்களும் இத்தாலியர்களும் யூகோஸ்லாவியர்களும் சேர்ந்து கொதித்தெழுந்தார்கள். முகாம் கட்டடங்கள் சேதமாயின, பலரைக் கைது செய்தார்கள்.

முகாமைப் பற்றி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் சட்டம், ஒப்பந்தம் எல்லாம் பின்னால்தான் வரும். முதலில் வருவது ஆட்டிறைச்சி. கிழட்டு ஆட்டின் இறைச்சியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, கொழுப்பு மேலே வெள்ளையாக உறைந்து நிற்க, தட்டில் போட்டுக் கொடுப்பார்கள். பூண்டு கிடையாது, மிளகு பேருக்கு. போர்க்காலப் பசியிலிருந்து வந்தவர்களுக்கு இவ்வளவு இறைச்சியும் வெண்ணெயும் வெள்ளை ரொட்டியும் முதல் சில நாட்களுக்குத் திருவிழாவாகத்தான் இருந்தது. ஒரு வாரம் போனதும் அந்த வாடையே பலருக்குக் குமட்டியது. நோன்னாவின் கணவர் சாகும்வரை ஆட்டிறைச்சியைத் தொடவில்லை. ஈஸ்டருக்கு ஊரெல்லாம் ஆடு சமைக்கும்போது அவர் வீட்டில் மட்டும் கோழி.

உணவு விஷயம் வெறும் நாக்குப் பிரச்சினையாக நின்றுவிடவும் இல்லை. 1949-இல் புதிதாக வந்திறங்கிய குழந்தைகள் 13 பேர் ஊட்டச்சத்துக் குறைவால் இறந்துபோனார்கள். நாடு முழுக்கப் பேச்சானது, விசாரணையும் நடந்தது. பொனெகில்லா அருங்காட்சியகத்தில் சிரித்த முகங்களோடு நடனமாடும் படங்கள் நிறைய உண்டு. முகாமில் திரையரங்கு, தேவாலயம், வங்கி, மருத்துவமனை எல்லாம் இருந்தன என்பதும் உண்மை. காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்களும் உண்டு. ஆனால் அந்தப் படங்களைப் பார்க்கிறவர்கள் அந்தப் 13 குழந்தைகளையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

குடும்பத்தோடு வந்த அகதிகளுக்கு இன்னொரு சோதனை. கணவனை ரயில் பாதை போடவோ, அணை கட்டவோ, கரும்பு வெட்டவோ அனுப்பிவிடுவார்கள். அங்கே குடும்பத்துக்கு இடம் இருக்காது. மனைவி மக்களைக் கௌரா, யுரன்குவின்ட்டி, பெனல்லா போன்ற வேறு முகாம்களில் வைப்பார்கள். வாரக் கடைசியில் ரயிலேறி வந்து பார்த்துவிட்டுப் போகலாம், தொலைவு அனுமதித்தால். போரில் பிரிந்து, ஜெர்மனி முகாமில் ஒன்று சேர்ந்து, இங்கே வந்து மறுபடியும் பிரிந்த குடும்பங்கள் அவை. பெனல்லா முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் கணவனை இழந்த, துணையில்லாத தாய்மார்கள். தற்காலிகம் என்று சொல்லி 1949-இல் திறந்த அந்த முகாம் 1967 வரை நடந்தது.

ஸ்னோயி மலைத் திட்டத்தைப் பற்றி இங்கே விரிவாக எழுதவில்லை. அதைத் தனியாக எழுதத்தான் வேண்டும். 1949-இல் தொடங்கி 1974-இல் முடிந்த நீர்மின் திட்டம். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் உழைத்தார்கள், மூன்றில் இரண்டு பங்கினர் குடியேறிகள். 121 பேர் வேலையில் உயிரிழந்தார்கள். பள்ளிப் புத்தகத்தில் இடம்பிடித்த வரலாறு அது. புத்தகத்தில் ஏறாத வரலாறு நகர்ப்புறத் தொழிற்சாலைகளில், குறிப்பாகப் பெண்கள் வேலை பார்த்த தொழிற்சாலைகளில் நடந்தது.

நோன்னா 1950-களின் கடைசியில் வந்தவர். வந்தது மணப்பெண்ணாக. கல்யாணம் ஊரிலேயே முடிந்திருந்தது, மாப்பிள்ளை இல்லாமல். மாப்பிள்ளை மெல்பர்னில் இருக்க, ஊர்த் தேவாலயத்தில் அவருடைய அண்ணன் அவருக்குப் பதிலாக நின்று மோதிரம் போட்டார். அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான இத்தாலியப் பெண்கள் இப்படி மணமாகித்தான் கப்பலேறினார்கள். நம் பக்கத்து ஜமீன் குடும்பங்களில் மாப்பிள்ளை வராமல் அவருடைய கட்டாரியை அனுப்பிவைத்துக் கல்யாணம் முடித்த வழக்கத்தை நான் சொன்னபோது நோன்னாவுக்கு ஒரே சந்தோஷம். "கத்தி நல்லது, பேசாது" என்றார். அவருடைய மைத்துனர் விருந்தில் குடித்துவிட்டு நிறையப் பேசினாராம்.

கப்பலில் ஒரு மாதம் போலப் பயணம். மெல்பர்ன் ஸ்டேஷன் பியரில் இறங்கும்போது கையில் ஒரு போட்டோ. கரையில் நிற்கும் ஆண்கள் கையிலும் ஆளுக்கொரு போட்டோ. போட்டோவில் இருந்தவர் ஐந்து வருடம் இளையவராக, தலை நிறைய முடியோடு இருந்தார் என்று நோன்னா சொல்வார். அதைச் சொல்லும்போது குரலில் குறை இருக்காது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் முன்பின் தெரியாத மனிதரை நம்பிக் கடல் கடந்த அந்தத் துணிச்சலை எந்த அரசாங்கக் கோப்பும் எழுதி வைக்கவில்லை.

வந்த இரண்டாம் வாரமே வேலை. பிரன்ஸ்விக் பகுதியில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலை. ஊரில் தையலுக்குப் பேர்போனவர் நோன்னா. மணப்பெண் உடுப்பில் கையாலேயே பூவேலை செய்வார். இங்கே காலை முதல் மாலை வரை ஸ்வெட்டருக்குக் கழுத்துப்பட்டி மட்டும் தைக்க வேண்டும். முழு ஸ்வெட்டரைத் தைத்துப் பார்த்ததே இல்லை என்றார். அன்றைய சட்டப்படி பெண்களின் அடிப்படைக் கூலி ஆண்களுக்குக் கொடுப்பதில் 75 விழுக்காடு. 1950-இல் அப்படித்தான் நிர்ணயித்தார்கள், அதற்கு முன்பு அதைவிடக் குறைவு. சமவேலைக்குச் சமகூலி என்பது 1969-லும், வேலையின் மதிப்பைப் பார்த்துச் சமகூலி என்பது 1972-லும்தான் தீர்ப்பாக வந்தன. பிள்ளைகள் பிறந்தபின் தையல் மெஷினை வீட்டுக்கே கொண்டுவந்து, துண்டுக்கு இவ்வளவு என்று இரவில் தைத்தார். மகள் ஆறு வயதிலேயே நூல் வெட்டிக் கொடுப்பாளாம்.

அந்த மகள்தான் வீட்டின் மொழிபெயர்ப்பாளரும். வங்கிக்கு, பள்ளிக்கு, டாக்டரிடம், எங்கே போனாலும் அம்மாவுக்காகப் பேசியது அந்தச் சிறுமி. கருப்பையில் கட்டி என்று டாக்டர் சொன்னதைப் பத்து வயதுப் பிள்ளை அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இத்தாலிய மொழியில் அதற்கு என்ன பெயர் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. வயிற்றில் ஒரு கல் இருக்கிறது என்று சொல்லிவிட்டாளாம். அந்த மகளுக்கு இப்போது அறுபது வயதாகிவிட்டது. இந்தக் கதையைச் சொல்லும்போது இன்னும் குரல் உடைகிறது.

இப்படி எத்தனையோ வீடுகளில் நடந்திருக்கும். 1973-இல் அரசு தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கியதற்கு இப்படிப்பட்ட வீடுகளின் நெருக்கடிதான் காரணம். அவசரத்துக்கு ஒரு எண்ணை அழைத்தால் உங்கள் மொழி பேசும் ஆள் இணைப்பில் வருவார். இன்று நம் அப்பா அம்மா மருத்துவமனைக்குப் போகும்போது "தமிழ் இன்டர்பிரட்டர் வேணுமா" என்று நர்ஸ் கேட்கிறார் அல்லவா, அது அங்கிருந்து வந்தது. 1975-இல் மெல்பர்னிலும் சிட்னியிலும் பல மொழி வானொலி தொடங்கியது. பின்னாளில் எஸ்பிஎஸ் என்ற பல மொழிப் பொது வானொலியில் தமிழ் ஒலிக்க வழி திறந்ததும் அதனால்தான். அதே 1973-இல் பிராட்மெடோஸ் ஃபோர்ட் தொழிற்சாலையில் குடியேறித் தொழிலாளர்கள் பல வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். கழிப்பறைக்குப் போகக்கூட நகர விடாத அசெம்பிளி லைனின் வேகம் அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது. சமரசமாகப் போய்விடலாம் என்று சங்கத் தலைமை சொன்னபோது தொழிலாளர்கள் கேட்கவில்லை. ஜூன் மாதம் ஜன்னல்கள் நொறுங்கின. ஆங்கிலம் சரியாகப் பேசத் தெரியாதவன் அடங்கிப் போவான் என்ற நினைப்பும் அன்றைக்கு நொறுங்கியது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, இந்த ஆண்டுகளில் எல்லாம் நாம் எங்கே இருந்தோம்? வாசலுக்கு வெளியே. 1901-இல் ஆஸ்திரேலியக் கூட்டமைப்பு பிறந்த கையோடு போட்ட முதல் சட்டங்களில் ஒன்று குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதில் நிறம் என்ற பேச்சே இருக்காது. ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களை அதிகாரி வாசிப்பார், கேட்டு எழுத வேண்டும். எந்த மொழி என்பதை அதிகாரி முடிவு செய்வார். ஆங்கிலம் தெரிந்த இந்தியருக்கு வேறு ஏதாவது மொழியில் வாசித்தால் போதும், கதை முடிந்தது. 1909-க்குப் பிறகு ஒருவர்கூட அதில் தேறவில்லை. 1934-இல் எகோன் கிஷ் என்ற எழுத்தாளரின் இடதுசாரி அரசியல் பிடிக்காமல், பல மொழிகள் அறிந்த அவருக்கு ஸ்காட்லாந்து கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. இந்தத் தேர்வை 1958-இல் எடுத்துவிட்டார்கள், தடை மட்டும் நீடித்தது. இலங்கையிலிருந்து ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் வரலாம், ஆனால் முக்கால் பங்கு ஐரோப்பிய இரத்தம் என்று காட்ட வேண்டும், பார்க்கவும் அப்படி இருக்க வேண்டும். ஒரே குடும்பத்தில் வெளுத்த அண்ணனுக்கு அனுமதியும் கறுத்த தம்பிக்கு மறுப்பும் கிடைக்கக்கூடிய ஏற்பாடு. 1966-இல் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். 1973-இல் பிரதமர் விட்லமின் அரசு இனப் பாகுபாட்டை முழுமையாக நீக்கியது. 1983 கறுப்பு யூலைக்குப் பிறகு ஈழத்தமிழர்கள் கணிசமாக வரத் தொடங்கினார்கள், அப்புறம் தமிழ்நாட்டிலிருந்து படித்தவர்கள். 2021 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் 90,000-க்கும் அதிகம்.

பொனெகில்லாவுக்கு வந்தவர்களின் நிறம் அவர்களுக்குக் கதவைத் திறந்தது, நம் நிறம் நமக்குக் கதவைச் சாத்தியது. இதை மறந்துவிட்டு எல்லோரும் ஒன்று என்று பேச என்னால் முடியாது. ஆனாலும் உள்ளே வந்த பிறகு நடந்ததைப் பார்த்தால், அவர்களிடம் பழகிய பழக்கத்தைத்தான் இந்த நாடு நம்மிடமும் காட்டுகிறது. கோயம்புத்தூரில் பாலம் கட்டிய பொறியாளர் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். புள்ளிகள் கணக்குப் போட்டு, அவருடைய பொறியியல் படிப்புக்கு மதிப்பெண் கொடுத்துத்தான் விசா வழங்கினார்கள். வந்த பிறகு "லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ்" இல்லை என்று ஒவ்வொரு நிறுவனமும் திருப்பி அனுப்பியது. இரண்டு வருடம் கிடங்கில் பெட்டி அடுக்கினார். 1947-இல் இரண்டு வருட ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கினார்கள், இன்று எழுத்தில் இல்லை. எனக்குத் தெரிகிற வித்தியாசம் அதுதான். யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் தேர்வுக்குப் படித்துக்கொண்டே முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறார்கள். பராமரிப்பு வேலை மரியாதையான வேலைதான். ஆனால் கிராமப்புற மருத்துவமனையில் டாக்டர் இல்லாமல் நோயாளிகள் மணிக்கணக்கில் பயணம் செய்யும் நாட்டில் இது நடக்கிறது.

இத்தனைக்கும் நடுவே அந்த மனிதர்கள் தங்கள் சொந்த நேரத்தில் செய்ததைப் பார்க்க வேண்டும் என்றால் பிப்ரவரிக் கடைசியில் எங்கள் தெருவுக்கு வர வேண்டும். நோன்னாவின் வீட்டில் தக்காளி நாள். விடிவதற்கு முன்பே பின்கட்டில் விளக்கு எரியும். கார் ஷெட்டிலிருந்து காரை வெளியே தள்ளிவிட்டு, பெட்டி பெட்டியாக ரோமா தக்காளி. பழுத்தது, இன்னும் பழுக்க வேண்டியது என்று இரண்டாகப் பிரித்து முந்தின வாரமே பழைய படுக்கை விரிப்பில் பரப்பி வைத்திருப்பார்கள். கழுவி, காம்பு நீக்கி, கீறி, மெஷினில் போட்டால் ஒரு பக்கம் சாறும் கூழும், இன்னொரு பக்கம் தோலும் விதையும். தோலை மறுபடியும் ஒரு முறை உள்ளே போட வேண்டும். அதில்தான் கெட்டிச் சாறு வரும் என்பது நோன்னாவின் கட்டளை. கூழை ஊற்றுவது பழைய நீள்கழுத்து பீர் பாட்டில்களில். ஒவ்வொன்றிலும் ஒரு துளசி இலை. நம் துளசி இல்லை, அவர்களுடைய திருநீற்றுப் பச்சிலை வகை. மூடியைக் கைக்கருவியால் அழுத்தி அடைத்து, பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கச் சாக்கைச் சுற்றி, நாற்பத்துநாலு காலன் இரும்பு டிரம்மில் அடுக்கி, தண்ணீர் ஊற்றி, அடியில் விறகு வைத்துக் கொதிக்கவிடுவார்கள். மறுநாள் வரை டிரம்முக்குள்ளேயே ஆற வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் பாட்டில் வெடிக்கும்.

எனக்குக் கொடுத்த வேலை மூடி போடுவது. பிள்ளைகளுக்குத் துளசி இலை. மருமகன்களுக்கு நெருப்பு. எந்த வேலையை யார் செய்வது என்பதில் நோன்னாவிடம் யாரும் பேசிப் பார்க்க முடியாது. ஒரு வருடத்துக்கு அந்தக் குடும்பத்தின் நான்கு வீடுகளுக்கும் அந்த பாட்டில்கள் போதும். அந்தக் காலத்தில் ஆலிவ் எண்ணெயைக் காதுவலிக்குச் சொட்டு மருந்தாகச் சின்னப் புட்டியில் மருந்துக் கடையில் விற்ற ஊர் இது. பூண்டு வாசனை வந்தால் டிராமில் தள்ளி உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள். பள்ளியில் நோன்னாவின் மகனுடைய சலாமி ரொட்டியைப் பார்த்துப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்தார்கள். இன்று அதே சலாமி ரொட்டி நகரத்துக் கடைகளில் இருபது டாலர். கழுத்துப்பட்டி மட்டும் தைக்க வேண்டும் என்று ஒரு நாடு சொன்னாலும், நோன்னா தன் வீட்டுப் பின்கட்டில் முழு வேலையையும், தொடக்கம் முதல் கடைசி வரை, தன் ஊர் முறையில், தன் பாஷையில் அதட்டிக்கொண்டே நடத்தினார்.

கடந்த சில வருடங்களாக நோன்னாவுக்கு நினைவு மங்கி வருகிறது. முதலில் போனது ஆங்கிலம். அறுபது வருடம் பேசிய ஆங்கிலம் ஒவ்வொரு சொல்லாக நழுவி, இப்போது கலாப்ரியப் பேச்சு மட்டும் இருக்கிறது. பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் போவதை முதியோர் இல்லங்களில் வேலை செய்கிறவர்கள் நன்றாக அறிவார்கள். நல்ல வேளையாக இத்தாலியர்கள் இதை முன்கூட்டியே யோசித்தார்கள். தங்கள் மொழி பேசும் பராமரிப்பாளர்களை ஏற்பாடு செய்தார்கள், இத்தாலிய முதியோருக்கென்றே இல்லங்கள் கட்டினார்கள். நோன்னா இப்போது இருக்கும் இடத்தில் காலையில் அவரை எழுப்பும் பெண் இத்தாலிய மொழியில் பேசித்தான் எழுப்புகிறாள்.

எங்கள் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து இப்போது நம் பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறோம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்தவர்களில் பலருக்கு இப்போது எண்பது வயதை ஒட்டி இருக்கும். பட்டம், பதவி, எந்தக் கம்பெனி என்று ஆரம்பிக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். வந்த முதல் வாரம் என்ன சமைத்தீர்கள், மஞ்சள்தூளும் கறிவேப்பிலையும் எப்படிக் கிடைத்தன, முதல் சம்பளத்தில் ஊருக்கு எவ்வளவு அனுப்பினீர்கள், பிள்ளையின் பெயரை டீச்சர் எப்படிக் கூப்பிட்டார், டாக்டரிடம் யார் உங்களுக்காகப் பேசினார்கள், ஊரில் அறிந்த எந்த வேலையை இங்கே செய்ய முடியாமல் போனது என்று கேட்கிறோம். கைபேசியில் பதிவு செய்தாலே போதும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே இந்தக் கேள்விகளைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். சமையல் கேள்வியை முதலில் கேளுங்கள், மற்றதெல்லாம் அதைத் தொடர்ந்து தானாக வரும்.